பில்ட் பைப்லைனை டெஸ்ட் மேனேஜ்மென்ட் கருவியோடு இணைப்பது எப்படி? கடலோரச் செயலி ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

செயலியின் கோடைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் பைப்லைனில் ராத்திரி ஓடிய பில்ட் பச்சையாக இருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்கு டோக்கன் (கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டு) மறுக்கப்படுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் அதில் ஓடியதா? இல்லை, "பிறகு பார்த்துக்கலாம்" என்று யாரோ தவிர்த்து வைத்தது அப்படியே கிடக்கிறதா? பைப்லைனை ஓட்டும் ஜென்கின்ஸின் லாகை (ஓட்டப் பதிவை) வரிவரியாகத் தோண்டினால் விடை கிடைக்கும். ஆனால் வெளியீட்டுக்குச் சரி சொல்ல வேண்டியவர் அந்த லாகைத் திறக்கவே மாட்டார். அவர் பார்ப்பது டெஸ்ட்ரெயில், கிவி டிசிஎம்எஸ், ஜிராவுக்குள் இருக்கும் எக்ஸ்ரே மாதிரியான டெஸ்ட் மேனேஜ்மென்ட் கருவியின் பக்கத்தை. எந்தத் தேவைக்காக எந்த டெஸ்ட் எழுதப்பட்டது என்ற கணக்கும் அங்கேதான் இருக்கிறது.

பைப்லைனையும் இந்தக் கருவியையும் இணைக்க ஒரு பிளக்இன் போட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பிளக்இன் போடுவது அரை மணி நேர வேலை. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மாறாத அடையாளம் கொடுப்பதிலும், ஓடாததை ஓடவில்லை என்றே பதிய வைப்பதிலும்தான் நாள் போகும். இந்த வழிகாட்டியும் அந்த இரண்டு இடங்களில் அதிக நேரம் நிற்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு செயலி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள இறங்குதளங்களுக்கு ஒரு கைப்பேசிச் செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று வேலைகள்: கடலுக்குப் போக டோக்கன் கேட்பது, காற்று, அலை எச்சரிக்கையைக் காட்டுவது, ஏலக் கணக்கு எழுதுவது. டெஸ்ட்டுகள் பைத்தானில், பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் இருக்கின்றன. உங்கள் குழு ஜாவாவில் எழுதினாலும் ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினாலும் கீழே சொல்லும் படிகள் பெரிதாக மாறாது.

இந்தச் செயலியை எடுத்ததற்குக் காரணம் அதன் விதிகள். தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகக் கூடாது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. 2017-க்கு முன் இதே தடை 45 நாள்தான், மே 29-ல் முடிந்துவிடும். விதி மாறினால் எந்தெந்த டெஸ்ட்டுகளை மாற்ற வேண்டும் என்று கோட் மட்டும் சொல்லாது. தேவையையும் டெஸ்ட்டையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் கருவிதான் சொல்லும்.

படி 1: பைப்லைன் எழுதும் கோப்பைக் கண்ணால் பாருங்கள்

பெரும்பாலான டெஸ்ட் கருவிகள் ஜேயூனிட் எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் ஒரு முடிவுக் கோப்பை எழுதித் தரும். டெஸ்ட் மேனேஜ்மென்ட் கருவிகளில் பலவும் அதைப் படிக்கத் தெரிந்தவை. பைடெஸ்ட்டில் கட்டளையோடு ஒரு தெரிவு சேர்த்தால் போதும்.

இணைப்பு வேலை தொடங்கும் முன் அந்தக் கோப்பை ஒரு முறை நோட்பேடில் திறந்து படியுங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு டெஸ்ட்கேஸ் டேக் இருக்கும். அதில் வகுப்பின் பெயர், டெஸ்ட்டின் பெயர், எடுத்துக்கொண்ட நொடிகள். உள்ளே எதுவும் இல்லையென்றால் தேறியது. ஃபெயிலியர் என்ற டேக் இருந்தால் டெஸ்ட் ஓடித் தோற்றது. எரர் இருந்தால், பைடெஸ்ட்டில், டெஸ்ட்டுக்கு முன் தயார்செய்யும் ஃபிக்ஸ்சரிலோ பின் சுத்தம்செய்யும் இடத்திலோ வேறேதோ உடைந்தது. ஸ்கிப்டு இருந்தால் ஓட்டாமல் விட்டது. இந்த நாலையும் மனதில் வையுங்கள், 5-ஆம் படியில் தேவைப்படும்.

படி 2: ஐடி

பைப்லைனில் "டெஸ்ட்_தடைக்காலம்_விசைப்படகு" என்று ஒரு டெஸ்ட் ஓடுகிறது. டெஸ்ட்ரெயிலில் "தடைக்காலத்தில் விசைப்படகுக்கு டோக்கன் மறுக்கப்பட வேண்டும்" என்று ஒரு கேஸ் (சோதித்துப் பார்க்க வேண்டியதன் குறிப்பு) இருக்கிறது, அதன் எண் சி 412. இரண்டும் ஒன்றே என்று கருவிக்கு யார் சொல்வது?

சுலபமான வழி, பெயரை வைத்துப் பொருத்துவது. கிவியின் ஜேயூனிட் பிளக்இன் டெஸ்ட்டின் பெயரையே கேஸின் தலைப்பாக எடுத்துத் தேடும். கிடைக்காவிட்டால் புதிதாக ஒரு கேஸை உருவாக்கிவிடும். முதல் வாரம் இது அற்புதமாக இருக்கும். அப்புறம் யாராவது கோப்பை வேறு கோப்புறைக்கு நகர்த்துவார்கள், அல்லது டெஸ்ட்டின் பெயரில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவார்கள். பழைய கேஸ் அநாதையாக நிற்கும், பக்கத்தில் புதுக் கேஸ் ஒன்று முளைக்கும். பழைய வரலாறு ஒரு இடத்தில், இன்றைய முடிவு இன்னொரு இடத்தில்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதில் கூடுதலாக இரண்டு பொறிகள்.

ஒன்று, பைடெஸ்ட்டில் ஒரே டெஸ்ட்டைப் பல மதிப்புகளோடு ஓட்டும்போது அந்த மதிப்பும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். மதிப்பு "நாட்டுப்படகு" என்று தமிழில் இருந்தால் பைடெஸ்ட் அதை அப்படியே எழுதாது. யூனிகோட் எண்களின் நீண்ட சரமாக மாற்றி எழுதும். கருவியின் பக்கத்தில் யாருக்கும் புரியாத ஒரு வால் தொங்கும். இந்த மாற்றத்தை அணைக்க ஒரு தெரிவு இருக்கிறது. அதன் பெயரிலேயே, "சமூக உதவி கேட்கும் உரிமை எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் எச்சரித்தவர்களை நம்பலாம். அதைத் தொட வேண்டாம். ஒவ்வொரு மதிப்புக்கும் ஆங்கில எழுத்தில் ஒரு குறும்பெயர் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது பொறி கண்ணுக்கே தெரியாது. "தொண்டி" என்று எழுதுங்கள். முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஒருவர் கீபோர்டில் அடித்தது, இன்னொருவர் பழைய எழுத்துரு ஆவணத்தை மாற்றி ஒட்டியது என்றால் இரண்டும் வேறு வேறு சரங்கள். பெயர் பொருந்தாது, "தொண்டி" கேஸ் இரண்டாகிவிடும். தேடினால் ஒன்றுதான் சிக்கும், மற்றது சிக்காது. சோதனைத் தரவில் தமிழ்ச் சொற்கள் இருந்தால், ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். அந்த வரி டெஸ்ட்டில் மட்டுமில்லாமல் செயலியின் தேடல் பெட்டியிலும் இருக்க வேண்டும் என்பது வேறு கதை.

ஆகவே பெயரை நம்பாதீர்கள். டெஸ்ட்டுக்குள்ளேயே கேஸ் எண்ணை எழுதிவிடுங்கள். பைடெஸ்ட்டில் ரெக்கார்டு பிராப்பர்ட்டி என்ற வசதி இருக்கிறது. அதன் வழியாக எழுதும் விஷயம் எக்ஸ்எம்எல்லில் அந்த டெஸ்ட்டுக்குக் கீழே ஒரு பிராப்பர்ட்டியாகப் போய் உட்காரும். டெஸ்ட்ரெயிலின் கட்டளைக் கருவியைப் பிராப்பர்ட்டி வழியாகப் பொருத்தச் சொன்னால், டெஸ்ட் ஐடி என்ற பெயரில் இருக்கும் எண்ணைத் தேடும். எக்ஸ்ரே, டெஸ்ட் கீ என்ற பெயரில் தேடும். கோப்பு எங்கே நகர்ந்தாலும், பெயர் எத்தனை முறை மாறினாலும் சி 412 என்பது சி 412-ஆகவே இருக்கும்.

இனி ஒரு நுணுக்கம். தடைக்கால விதிக்கு நான்கு தேதிகளைச் சோதிக்க வேண்டும்: ஏப்ரல் 14, ஏப்ரல் 15, ஜூன் 14, ஜூன் 15. கோடில் இது ஒரே டெஸ்ட், நான்கு மதிப்புகள். கருவியில் ஒரே கேஸ். நான்கும் சி 412-க்கே முடிவை அனுப்பினால் என்ன ஆகும்? டெஸ்ட்ரெயிலில் ஒரு கேஸுக்குக் கடைசியாகப் பதிவான முடிவுதான் அதன் நிலையாக நிற்கும். ஏப்ரல் 15 தோற்றிருக்கும், ஜூன் 15 தேறியிருக்கும், பக்கத்தில் பச்சை தெரியும்! தோற்றது உள்ளே வரலாற்றில் கிடக்கும். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

இதற்கு இரண்டு தீர்வுகள். நான்கு தேதிக்கும் நான்கு கேஸ் எண் கொடுக்கலாம். இல்லை, அனுப்பும் முன் ஒரே எண்ணுள்ள முடிவுகளைத் திரட்டி, அதில் மிக மோசமானதை மட்டும் அனுப்பலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. கேஸ் என்பது மனிதர்கள் படிக்கும் விதி; தேதி வாரியாகப் பிரித்தால் கருவியில் கேஸ்கள் குப்பையாகக் குவியும். திரட்டும் வேலையைப் பைத்தானோடு வரும், எக்ஸ்எம்எல் படிக்கும் எலிமென்ட்ட்ரீயை வைத்தே ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் முடிக்கலாம். தோற்ற தேதிகளின் பட்டியலைக் கருத்துப் பகுதியில் சேர்த்து அனுப்ப மறக்காதீர்கள்.

இந்த ஒழுங்கு நிலைத்து நிற்க பைப்லைனில் ஒரு காவல் வேண்டும்: கேஸ் எண் இல்லாத டெஸ்ட் ஒன்று வந்தால் பில்ட்டே நிற்க வேண்டும். தொடக்கத்தில் எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

படி 3: கணக்கும் சாவியும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பைப்லைனுக்கென்று கருவியில் தனிப் பயனர் கணக்கு திறங்கள். உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுத்தால், நீங்கள் வேலை மாறிப் போகும் நாளில் பைப்லைனும் நின்றுபோகும். அந்தக் கணக்குக்கு முடிவுகளைப் பதியும் உரிமை மட்டும் போதும், நிர்வாக உரிமை வேண்டாம். டெஸ்ட்ரெயிலில் ஏபிஐ (நிரல்கள் கருவியோடு பேசும் வழி) வசதியை நிர்வாகி முதலில் இயக்கிவைக்க வேண்டும். பிறகு கடவுச்சொல்லுக்குப் பதில் ஏபிஐ சாவி எடுத்துப் பயன்படுத்துங்கள். எக்ஸ்ரேயின் கிளவுட் பதிப்பில் கிளையன்ட் ஐடி, ரகசியம் இரண்டையும் கொடுத்து ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு, அதைக் காட்டித்தான் முடிவுகளை ஏற்ற வேண்டும். இந்த டோக்கன் வேறு, மீன்வளத்துறை டோக்கன் வேறு.

சாவியைக் கோடில் எழுதக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஜென்கின்ஸில் கிரெடென்ஷியல்ஸ், கிட்ஹப்பில் சீக்ரெட்ஸ், கிட்லேபில் மறைக்கப்பட்ட வேரியபிள் என்று அதற்கு இடம் இருக்கிறது. தெரியாமல் நடப்பது இது: சாவியை லாகில் நட்சத்திரக் குறியிட்டு மறைக்கும் வசதி, சேமித்த அந்தச் சரத்தைத்தான் முதன்மையாக அடையாளம் காணும். பயனர்பெயரோடு சேர்த்து பேஸ் 64-ஆக மாற்றிய சரம் வேறு. சில கருவிகளில் அது லாகில் அப்படியே கொட்டிவிடலாம். ஏபிஐ அழைப்பின் ஹெடரை லாகில் அச்சிடும் தெரிவை அணைத்து வையுங்கள்.

கிட்ஹப்பில் வெளியாட்களின் ஃபோர்க்கில் இருந்து வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்குச் சீக்ரெட்ஸ் கிடைக்காது. கிட்லேபில் வேரியபிளைப் பாதுகாக்கப்பட்டது என்று குறித்திருந்தால் பாதுகாக்கப்பட்ட பிராஞ்சில் மட்டுமே கிடைக்கும். "என் பிராஞ்சில் மட்டும் ஏற்ற மாட்டேங்குது" என்று யாராவது வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 4: பைப்லைனில் எந்த இடத்தில் வைப்பது

டெஸ்ட் ஓட்டும் படிக்கு அடுத்து ஏற்றும் படி. இப்படித்தான் எல்லோரும் எழுதுவார்கள். டெஸ்ட் தோற்றால் பைடெஸ்ட் பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறும். பைப்லைன் அங்கேயே நிற்கும். அடுத்த படி ஓடாது. ஆக, எல்லாம் தேறிய நாட்களில் மட்டும் முடிவு கருவிக்குப் போகும். தோற்ற நாட்களில் ஒன்றும் போகாது. கருவியைப் பார்ப்பவருக்கு இந்தக் குழு தோற்றதே இல்லை என்று தோன்றும்.

இதைச் சரிசெய்ய டெஸ்ட் கட்டளையின் வாலில், தோற்றாலும் தேறியதாகக் காட்டும் ஒட்டு ஒன்றைப் போடுபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். முடிவு கருவிக்குப் போய்விடும், ஆனால் பில்ட் எப்போதும் பச்சையாகிவிடும். உடைந்த கோட் உள்ளே போவதைத் தடுக்க ஒன்றும் இருக்காது.

சரியான வழி ஒவ்வொரு கருவியிலும் இருக்கிறது. ஜென்கின்ஸில் போஸ்ட் பகுதியில் ஆல்வேஸ் பிளாக்குக்குள் வையுங்கள். ஜென்கின்ஸின் ஜேயூனிட் படி, தோற்ற டெஸ்ட்டைக் கண்டால் பில்ட்டை அன்ஸ்டேபிள் என்று மஞ்சளாகக் குறிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கிட்ஹப் ஆக்ஷன்ஸில் அந்தப் படிக்கு ஒரு நிபந்தனை எழுத வேண்டும். ஆல்வேஸ் என்று எழுதினால், ரத்து செய்த ஓட்டத்திலும் அது ஓடிப் பாதிக் கோப்பை ஏற்றும். "ரத்தாகவில்லை என்றால்" என்ற நிபந்தனையே நல்லது. கிட்லேபில் ஆர்ட்டிஃபாக்ட் (ஓட்டத்தில் உருவான கோப்பு) எப்போதும் சேமிக்கப்பட வேண்டும் என்று குறித்துவிட்டு, ஏற்றுவதைத் தனி ஜாபாக (பைப்லைனின் தனி வேலையாக) எப்போதும் ஓடும்படி வையுங்கள். ஆஃப்டர் ஸ்கிரிப்ட்டில் வைத்தாலும் ஓடும். ஆனால் அங்கே ஏற்றம் தோற்றால் ஜாபின் நிலை மாறாது. தோற்றதே தெரியாமல் வாரக்கணக்கில் போகலாம்.

எந்தக் கருவியாக இருந்தாலும் ஏற்றுவதைத் தனி ஜாபாகப் பிரிப்பதையே பரிந்துரைக்கிறேன். வடகிழக்குப் பருவமழை வந்தால் கடலோரத்தில் கரண்ட்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஏற்றம் மட்டும் தோற்றால் அந்த ஒரு ஜாபை மறுபடி ஓட்டினால் போதும், நாற்பது நிமிட டெஸ்ட்டைத் திரும்ப ஓட்ட வேண்டாம். எக்ஸ்எம்எல் ஆர்ட்டிஃபாக்ட்டாக இருக்கும் வரை இது நடக்கும். கிட்ஹப் இயல்பாக 90 நாள் வைத்திருக்கும், கிட்லேபின் இணையச் சேவை 30 நாள்.

படி 5: நிலைகளைப் பொருத்துதல்

இறங்குதளத்தில் கணக்கு பார்க்கும் ஒரு அண்ணனிடம் செயலியைக் காட்டினால் இப்படித்தான் கேட்பார்:

"தம்பி, புயல் கூண்டு ஏத்துனா டோக்கன் நிக்குமா? பாத்துட்டீங்களா?"

"பாத்தாச்சுண்ணே. பச்சையா இருக்கு."

"பச்சை கிடக்கட்டும்யா. பாத்தீங்களா, இல்லியா?"

கேள்வி நியாயமானது. எச்சரிக்கைத் தரவு கிடைக்காததால் அந்த டெஸ்ட் ஓடாமலே விடப்பட்டிருக்கலாம். ஸ்கிப்டு ஆனதைப் பல பைப்லைன்கள் பச்சையாகவே காட்டும்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. இதில் 11-ஆம் எண் புயலின் வலிமையைச் சொல்வதில்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாகவே எடுத்துக்கொள் என்று பொருள். ஜேயூனிட்டின் எரர் நிலையும் அப்படித்தான். விதி சரியா தப்பா என்று தெரியாது, கேட்கப்போன இடத்திலேயே தொடர்பு அறுந்தது. அதைத் தேறியதிலும் சேர்க்கக் கூடாது, தோற்றதிலும் கலக்கக் கூடாது.

கிவியில் இதற்கென்றே எரர் என்ற நிலை தனியாக இருக்கிறது. ஒரு வேலையும் இல்லை. டெஸ்ட்ரெயிலில் இயல்பாக இருப்பவை பாஸ்டு, பிளாக்டு, அன்டெஸ்டட், ரீடெஸ்ட், ஃபெயில்டு ஆகிய ஐந்து. எரரை பிளாக்டு என்று அனுப்பலாம், அல்லது நிர்வாகியிடம் சொல்லித் தனி நிலை ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம். ஸ்கிப்டை அன்டெஸ்டட் என்று அனுப்பத்தான் எல்லோருக்கும் தோன்றும். டெஸ்ட்ரெயில் ஏபிஐ அதை ஏற்காது. அன்டெஸ்டட் என்பது முடிவே வராத கேஸின் நிலை, முடிவாக அதைப் பதிய முடியாது. ஆகவே ஸ்கிப்டு ஆன டெஸ்ட்டுக்கு எதையும் அனுப்பாமல் விடுங்கள். ரன்னில் (கருவியில் ஒரு சுற்றுச் சோதனைக்குத் திறக்கும் பட்டியலில்) அந்தக் கேஸ் இருக்கும், முடிவு இருக்காது, அன்டெஸ்டட் என்றே நிற்கும். உண்மையும் அதுதான். இது வேலை செய்ய ரன்னில் எல்லாக் கேஸும் முன்கூட்டியே இருக்க வேண்டும். முடிவு வந்த கேஸ்களை மட்டும் வைத்து ரன் திறந்தால் விடுபட்டது எதுவுமே தெரியாது.

இன்னொரு சில்லறை விஷயம், ஆனால் எல்லோரையும் தடுக்கிவிடும். ஜேயூனிட் நேரத்தைத் தசம நொடியில் தரும், 0.042 மாதிரி. டெஸ்ட்ரெயில் முழு நொடியைத்தான் ஏற்கும், பூஜ்யத்தையும் ஏற்காது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதினால் ஒரு நொடிக்குக் குறைந்ததை ஒன்று என்று மாற்றி அனுப்புங்கள்.

படி 6: ரன் திறப்பதும் மூடுவதும்

ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு ரன் திறக்காதீர்கள். இரண்டே வாரத்தில் கருவியில் நூற்றுக்கணக்கான ரன்கள் குவிந்து, தேடுவதே வேலையாகிவிடும். மெயின் பிராஞ்சின் இரவு ஓட்டத்துக்கும் வெளியீட்டு பிராஞ்சுக்கும் மட்டும் அனுப்பினால் போதும். மற்ற பிராஞ்சுகளின் முடிவைப் பைப்லைன் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ரன்னின் தலைப்பில் செயலியின் பதிப்பும் பைப்லைன் எண்ணும் இருக்கட்டும். விளக்கத்தில் கமிட்டின் சுருக்க ஹாஷ், பிராஞ்சின் பெயர், பைப்லைன் பக்கத்தின் இணைப்பு. தோற்ற கேஸில் இருந்து ஒரே கிளிக்கில் லாகுக்குப் போக முடியவில்லை என்றால் இணைப்பில் பாதிதான் முடிந்திருக்கிறது.

ஏற்றும் ஜாபை மறுபடி ஓட்டினால் இன்னொரு ரன் முளைக்கக் கூடாது. அதே தலைப்பில் திறந்த ரன் இருக்கிறதா என்று முதலில் தேடி, இருந்தால் அதன் எண்ணுக்கே அனுப்புங்கள். டெஸ்ட்டுகளை நான்கு மெஷினில் பிரித்து ஓட்டுகிறீர்கள் என்றால் தொடக்கத்திலேயே ஒரு சின்ன ஜாப் ரன்னைத் திறந்து, அதன் எண்ணைக் கோப்பில் எழுதி மற்ற ஜாபுகளுக்குக் கொடுக்க வேண்டும். டெஸ்ட்ரெயிலின் கட்டளைக் கருவியில் ரன்னை மட்டும் திறந்து எண்ணைக் கோப்பில் எழுதும் கட்டளை இதற்காகவே இருக்கிறது. படி 2-ல் சொன்ன "மோசமானதை மட்டும் அனுப்பு" ஸ்கிரிப்ட் இருந்தால், நாலு கோப்புகளையும் ஒரே இடத்தில் சேர்த்த பிறகு ஒரே முறை அனுப்புவதுதான் பத்திரம். முடிவுகளை மொத்தமாக ஒரே அழைப்பில் அனுப்புங்கள். கேஸ் வாரியாக அனுப்பினால் கிளவுட் சேவை 429 (அழைப்புகள் அளவுக்கு மீறிவிட்டன) என்று கதவைச் சாத்திவிடும்.

ரன்னை மூடுவதை மட்டும் தானியங்கியிடம் விடாதீர்கள். டெஸ்ட்ரெயிலில் மூடிய ரன்னைத் திரும்பத் திறக்க முடியாது. கையால் செய்யும் சோதனைகளும் அதே ரன்னில் இருக்கும். மண்டபம் ஜெட்டியில் வெயிலில் நின்று கைப்பேசித் திரை தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பைப்லைன் செய்யாது. அதை முடித்தவர் மூடட்டும்.

படி 7: நேரம்

ஜாபுகளை ஓட்டும் கிளவுட் மெஷின்களான ரன்னர்களின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. கிட்ஹப்பில் இரவு 1.30 மணிக்கு ஓட வேண்டும் என்றால் கிரான் என்ற நேர அட்டவணையில் 20.00 என்று எழுத வேண்டும். நெரிசல் நேரத்தில் கொஞ்சம் தாமதமாகவும் தொடங்கலாம்.

தடைக்கால டெஸ்ட் இங்கேதான் வித்தியாசமாக நடந்துகொள்ளும். ஏப்ரல் 15 அதிகாலை 12.10-க்கு ஒரு விசைப்படகு டோக்கன் கேட்கிறது. ராமநாதபுரத்தில் இருக்கும் மடிக்கணினியில் டெஸ்ட் தேறுகிறது, செயலி மறுக்கிறது. ரன்னரில் தோற்கிறது, ஏனென்றால் அங்கே இன்னும் ஏப்ரல் 14, மாலை 6.40. ரன்னரின் நேர மண்டலத்தைக் கொல்கத்தாவுக்கு மாற்றினால் பச்சையாகிவிடும். ஆனால் செயலி ஓடப்போகும் சர்வரும் யுடிசியில்தான் இருக்கும். தடை தொடங்கிய பிறகும் காலை ஐந்தரை வரை டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கும். டெஸ்ட் பிடித்தது உண்மையான பிழை. திருத்த வேண்டியது செயலியின் கோடைத்தான்: இன்றைய தேதி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் இந்திய நேர மண்டலத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். ரன்னர் யுடிசியிலேயே இருக்கட்டும்.

இதனால்தான் ரன்னின் விளக்கத்தில் எந்த ரன்னர், எந்த நேர மண்டலம், எந்தப் பைத்தான் பதிப்பு என்பதையும் எழுதச் சொல்கிறேன். "என் மெஷின்ல ஓடுதே" என்ற வாக்குவாதம் ஒரு வரியில் முடியும்.

காற்று, அலைத் தரவுக்கும் இதே கவனம் வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பை வெளியிடுகிறது. டெஸ்ட் அதை நேரடியாகப் போய்க் கேட்டால், கச்சான் காற்று வீசும் மாதத்தில் ஒரு முடிவும் கடல் அமைதியாக இருக்கும் மாதத்தில் இன்னொரு முடிவும் வரும். முன்பே சேமித்த மாதிரித் தரவை வைத்து விதியைச் சோதியுங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதற்குத் தனியாக ஒரு டெஸ்ட், தனிக் கேஸ் எண்.

கருவி உங்கள் அலுவலகத்திலேயே இருந்தால்

கிவி திறமூல மென்பொருள். டாக்கரில் ஏற்றி அலுவலகத்தின் ஒரு மெஷினிலேயே ஓட்டலாம். காசு மிச்சம். ஆனால் கிளவுட் ரன்னர் உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த மெஷினை எட்ட முடியாது. ரவுட்டரில் போர்ட் திறந்துவிடுவது பலர் செய்வது, நல்லதில்லை. ஏற்றும் ஜாபை மட்டும் அதே அலுவலகத்தில் நிறுவிய சொந்த ரன்னரில் ஓட்டுங்கள். கிட்லேப் ரன்னரும் கிட்ஹப்பின் சொந்த ரன்னரும் உள்ளிருந்து வெளியே போய்த்தான் வேலை இருக்கிறதா என்று கேட்கும். வெளியில் இருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை. ரெப்போ பொதுவில் இருந்தால் மட்டும் சொந்த ரன்னர் வைக்காதீர்கள். யாரோ அனுப்பும் கோட் உங்கள் அலுவலக மெஷினில் ஓடும். யுபிஎஸ் ஒன்று மாட்டி, டேட்டாபேஸைத் தினமும் வேறு இடத்துக்கு நகலெடுப்பதும் உங்கள் பொறுப்புதான்.

வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்

எல்லாம் பச்சையாக வந்ததை வைத்து இணைப்பு சரி என்று முடிவுகட்டாதீர்கள். ஒரு தனி பிராஞ்சில், பரிசோதனைக்கென்று திறந்த தனிப் புராஜெக்ட்டுக்கு அனுப்பும்படி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உடையுங்கள்.

செயலியின் கோடில் ஜூன் 14 என்பதை மே 29 என்று மாற்றுங்கள். சி 412 சிவப்பாக வேண்டும், கருத்தில் ஜூன் 14 என்ற தேதி தெரிய வேண்டும், பைப்லைனும் சிவப்பாக வேண்டும். மாதிரித் தரவுக் கோப்பின் பெயரை மாற்றிவிடுங்கள். அந்தத் தரவை ஃபிக்ஸ்சரில் படித்தால், கூண்டு டெஸ்ட் ஃபெயில்டு ஆகாமல் பிளாக்டு ஆக வேண்டும். ஒரு டெஸ்ட்டின் பெயரை மாற்றுங்கள். புதுக் கேஸ் முளைக்கக் கூடாது. ஒரு டெஸ்ட்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அன்டெஸ்டட் என்று நிற்க வேண்டும். ஏபிஐ சாவியில் ஓர் எழுத்தை மாற்றுங்கள்; ஏற்றும் ஜாப் வாய்விட்டுத் தோற்க வேண்டும், லாகில் சாவி தெரியக் கூடாது. சாவியைச் சரிசெய்து அந்த ஜாபை மட்டும் இரண்டு தடவை ஓட்டுங்கள். ரன் ஒன்றுதான் இருக்க வேண்டும்.

கடைசியாக, டெஸ்ட்டுகள் இருக்கும் கோப்புறையின் பெயரையே மாற்றி ஓட்டுங்கள். ஒரு டெஸ்ட்டும் சிக்காவிட்டால் பைடெஸ்ட் 5 என்ற எண்ணோடு வெளியேறும். வேறு சில கருவிகள் பூஜ்யம் டெஸ்ட் ஓடியதை வெற்றி என்றே சொல்லும். ஏற்றும் ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: கோப்பில் உள்ள டெஸ்ட்டுகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் எதையும் அனுப்பாமல் தோற்றுவிடு.